அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அலமாரியில் பவர் சப்ளை மாற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

கருவிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். உர ஆலை ஒன்றில் கருவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன ஷட்டவுனில் எங்கள் பழைய கண்ட்ரோல் பேனல்களில் இருந்த 24 வோல்ட் லீனியர் பவர் சப்ளைகளை (மிகுதி வோல்டேஜைச் சூடாக விட்டு நிலைப்படுத்தும் பழைய வகை) கழற்றிவிட்டு, பேனலின் உலோகப் பட்டையில் மாட்டும் எஸ்எம்பிஎஸ் (மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் புதிய வகை) போட்டோம். ஒரே ஷிப்டில் முடிந்தது. பேனலின் சூடு குறைந்தது, இடமும் மிச்சம்.

என்னோடு படித்த நண்பன் அமெரிக்காவில் அணுமின் நிலையங்களுக்குக் கருவிகள் தரும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்கும் இதே வேலைதான். ஆனால் ஒரு வகை அலமாரிக்கு ஆய்வு, சோதனை, ஒப்புதல் என்று வருடக்கணக்கில் போகிறதாம். 120 வோல்ட் உள்ளே போகிறது, 24 வோல்ட் வெளியே வருகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? காகித வேலை மட்டும்தானா, நிஜமாகவே பொறியியல் காரணம் உண்டா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பழைய_அலமாரி:

காகித வேலையும் உண்டு தம்பி. ஆனால் அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏதோ ஒரு நிலையத்தில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் இன்று ஓடும் பெரும்பாலான அணு உலைகள் 1970களிலும் 80களிலும் கட்டியவை. வெஸ்டிங்ஹவுஸ் 7300, ஃபாக்ஸ்போரோ ஸ்பெக் 200, பெய்லி 820 மாதிரியான அனலாக் அலமாரிகள் அவற்றில் நிறைய. அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் எல்லாம் சிறு மின்சைகைகளாக வந்து இந்த அலமாரிகளில் உள்ள மின்னணு அட்டைகளில்தான் கணக்கிடப்படும். ஒரு அட்டை போனால் ஒரு அளவீடு போகும். பவர் சப்ளை போனால் அலமாரி முழுவதும் போகும். அதனால்தான் இரண்டு சப்ளைகளை டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாகச் சேர்த்து ஒரே பஸ்ஸுக்கு, அதாவது எல்லா அட்டைகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுப் பாதைக்கு, கொடுப்பார்கள். எதன் வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலோ அது சுமையை எடுத்துக்கொள்ளும், இன்னொன்று காத்திருக்கும்.

இந்தப் பெட்டிகளை முதலில் கொல்வது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. லீனியர் சப்ளையோ வாங்கும் மின்சாரத்தில் பாதியைக்கூடச் சூடாக விட்டுவிடும். தன் கெப்பாசிட்டரைத் தானே வேகவைத்துக்கொள்ளும் பெட்டி அது. ரிப்பிள் (டிசி வோல்டேஜில் கலந்திருக்கும் ஏற்ற இறக்கம்) ஏறும், கட்டுப்பாட்டுச் சைகைகள் ஆடத் தொடங்கும், கடைசியில் ஒரு நாள் வோல்டேஜ் சரியும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் கெப்பாசிட்டர் முதுமைக்கென்றே தனியாக ஒரு தகவல் அறிக்கை விட்டது. ஆக, மாற்றியே தீர வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

பாலை_மின்:

நான் பவர் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பில் இருக்கிறேன். மாற்று வழியாக ஒன்று கேட்கிறேன். கெப்பாசிட்டர்தான் பிரச்சினை என்றால் அதை மட்டும் மாற்றினால் போதாதா? டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்கும் இன்னும் நாற்பது வருடம் வரும். பழைய சப்ளையின் குணம் எல்லோருக்கும் தெரியும். புதியதைக் கொண்டுவந்து தெரியாத பிரச்சினைகளை ஏன் வாங்க வேண்டும்? "பழசு, அதனால் தூக்கு" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நெய்தல்:

பாலை_மின், நீங்கள் சொல்வதைப் பல நிலையங்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நான் வேலை செய்வது பவர் சப்ளைகளைத் தகுதிச் சோதனை செய்யும் ஒரு லேபில். புதுப்பிப்பதற்காக எங்களிடம் வரும் பழைய பெட்டிகள் கணிசம். கெப்பாசிட்டர், டிரிம் பாட் (வோல்டேஜைச் சரிசெய்யும் சின்னத் திருகு), சூடேறும் ரெசிஸ்டர் எல்லாம் மாற்றி, சில நாள் முழுச் சுமையில் ஓடவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். நல்ல வழிதான்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சர்க்யூட் போர்டு கருகிப் பழுப்பேறியிருக்கும், செப்புத் தடம் பெயர்ந்து வரும், பழைய டிரான்சிஸ்டர் சந்தையில் கிடைக்காது. கிடைப்பதில் போலியும் கலந்திருக்கும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் போர்டில் சாலிடரிங் சூடு ஏறுகிறது, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இன்னொன்று பலர் கவனிக்காதது: ஸ்டோரில் பத்து வருடம் சும்மா கிடந்த பெட்டியைப் "புதுசு" என்று எடுத்து மாட்டுவது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆக்சைடு படலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தாலே நலியும். அதை மெதுவாக வோல்டேஜ் ஏற்றித் தேற்றாமல் நேரே மாட்டினால் போட்ட அன்றே போகலாம். உங்கள் ஆலை ஸ்டோரிலும் இதைப் பாருங்கள், கருவிக்காரன்.

கருவிக்காரன்:

நன்றி அக்கா, ஸ்டோர் விஷயம் எனக்குப் புதிது. பழைய_அலமாரி சார், சம்பவங்கள் இருப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

பழைய_அலமாரி:

கலிபோர்னியாவில் ராஞ்சோ சேகோ என்று ஒரு நிலையம் இருந்தது. பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1978 மார்ச் 20 அன்று ஒரு ஆபரேட்டர் கண்ட்ரோல் பேனலில் எரிந்துபோன சின்ன பல்பை மாற்றினார். பல்பு கைநழுவி உள்ளே விழுந்தது. 24 வோல்ட் டிசி சப்ளையில் ஷார்ட். அலமாரிக் கருவிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நேரத்தில் போய்விட்டது. உலை தானாக நின்றது, ஆனால் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தவறான சைகைகள் போய்க்கொண்டிருந்தன. உலை வழியே சுற்றும் முதன்மைச் சுற்று நீர் ஒரு மணி நேரச் சொச்சத்தில் ஏறக்குறைய 305 டிகிரி செல்சியஸிலிருந்து 140 வரை இறங்கியது. உலைக்கலனின் தடித்த எஃகுக்கு இது ஆகவே ஆகாது. அழுத்தம் இருக்கும்போதே திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும் அபாயம் உண்டு. இந்த அபாயத்தைப் பற்றிய பிற்கால ஆய்வுகளில் எல்லாம் இந்தச் சம்பவம் வரும்.

1979 நவம்பரில் ஓகோனி நிலையத்தின் 3ஆம் உலையில் கட்டுப்பாட்டு அமைப்புக்கான மின்சாரம் போனது. அந்த மாதமே ஆணையம் எல்லா நிலையங்களுக்கும், எந்தப் பஸ் போனால் எந்தக் கருவி போகும் என்று ஆராயச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டது. அது போய் மூன்று மாதத்தில், 1980 பிப்ரவரி 26, புளோரிடாவில் கிரிஸ்டல் ரிவர் 3: மறுபடி 24 வோல்ட் ஷார்ட், அழுத்தத்தை வெளியேற்றும் நிவாரண வால்வு திறந்துகொண்டது, சுமார் 1.6 லட்சம் லிட்டர் நீர் கட்டடத்துக்குள் கொட்டியது.

அப்புறம் மறுபடியும் ராஞ்சோ சேகோ, 1985 டிசம்பர் 26. இதை ஒவ்வொரு கருவிப் பொறியாளரும் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அங்கே பவர் சப்ளை ஒன்றும் கெடவில்லை. 24 வோல்ட் பஸ்ஸைக் கண்காணிக்க ஒரு மானிட்டர் வைத்திருந்தார்கள். வோல்டேஜ் குறைந்தால் அது எஸ்1, எஸ்2 என்ற இரண்டு சுவிட்சுகளையும் தட்டிவிடும். பஸ்ஸிலிருந்து மானிட்டருக்குப் போகும் வயரின் லக் (முனையில் மாட்டும் உலோகக் காது) சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது வயரை அழுத்திப் பிடிக்கவில்லை, அந்த இடத்தில் மின்தடை ஏறிவிட்டது. மானிட்டர் வோல்டேஜ் இல்லை என்று நினைத்து இரண்டையும் வெட்டியது. மின்சாரம் போனதும் பல வால்வுகள் பாதி திறந்த நிலைக்குப் போய் நின்றன. கண்ட்ரோல் ரூமிலிருந்து மூட முடியாமல் ஆட்கள் ஓடிப்போய்க் கையால் திருப்பினார்கள். 26 நிமிடத்தில் வெப்பநிலை சுமார் 100 டிகிரி செல்சியஸ் இறங்கியது. அந்த 26ஆவது நிமிடத்தில் ஒருவர் போய் எஸ்1, எஸ்2 சுவிட்சுகளைத் திரும்பப் போட்டார். எல்லாம் உயிர்த்தெழுந்தது. நிலையம் இரண்டு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து 1988இல் திறந்தது. 1989 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து நிரந்தரமாக மூடப்பட்டது.

இரண்டு சப்ளை வைத்தோம், பாதுகாப்பு இரட்டிப்பானது என்று நினைக்கிறோம். அந்த இரண்டும் சந்திக்கும் ஒரு புள்ளி எங்காவது இருக்கும். மாற்றும் வேலையில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

பாலை_மின்:

சார், ராஞ்சோ சேகோ சம்பவங்கள் பாதுகாப்பு வகைப்பாட்டில் வராத அமைப்புகளில் நடந்தவை. பாதுகாப்பு வகையில் நான்கு தனித்தனி சேனல், தனித்தனி பேட்டரி, தனித்தனி இன்வெர்ட்டர். அங்கே இப்படி எல்லாம் சேர்ந்து போக வாய்ப்பு மிகக் குறைவு இல்லையா?

வடக்குவாசல்:

நான் மின்கட்டமைப்புப் பக்கத்து ஆள். இந்தக் கேள்விக்கு ஸ்வீடனில் பதில் இருக்கிறது.

ஃபோர்ஸ்மார்க் 1, 2006 ஜூலை 25. வெளியே 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் பராமரிப்பு வேலை நடந்தபோது ஒரு ஷார்ட் சர்க்யூட். வோல்டேஜ் முதலில் சரிந்தது. நிலையம் கட்டமைப்பிலிருந்து பிரிந்தவுடன் ஜெனரேட்டர் வோல்டேஜ் எகிறி, இயல்பில் 120 சதவீதத்தைத் தொட்டது. உள்ளே நான்கு தனித்தனி ரயில் (ஒன்றையொன்று சாராத மின்வழங்கல் வரிசை), ஒவ்வொன்றிலும் யூபிஎஸ். அந்த வோல்டேஜ் எகிறலில் இரண்டு யூபிஎஸ் போய்விட்டன, மற்ற இரண்டும் தாக்குப்பிடித்தன. நான்கும் ஒரே வகை, ஒரே செட்டிங்.

என்ன நடந்திருக்க வேண்டும்? உள்ளே வரும் வோல்டேஜ் எகிறினால் ரெக்டிபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) முதலில் விலக வேண்டும், இன்வெர்ட்டர் (டிசியை ஏசியாக்கும் பகுதி) பேட்டரியில் ஓட வேண்டும். ஆனால் ரெக்டிபையர் விலகுவதற்குள் டிசி பக்கம் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டரும் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது, அதை ஏசியாக மாற்ற ஆள் இல்லை. டீசல் ஜெனரேட்டர்கள் நான்கும் ஓடத் தொடங்கின. அந்த இரண்டு ரயிலின் டீசல்கள் மட்டும் பஸ்ஸோடு சேரவில்லை, ஏனென்றால் அவற்றின் வேகத்தை அளக்கும் கருவிக்கு மின்சாரம் வருவது அதே யூபிஎஸ்ஸிலிருந்து. கண்ட்ரோல் ரூமில் சில திரைகளும் அளவீடுகளும் இருண்டன. சுமார் 22 நிமிடம் கழித்து ஆபரேட்டர்கள் கையால் இணைத்துச் சரிசெய்தார்கள்.

இந்த இழைக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்த யூபிஎஸ்கள் 1990களில் பழையவற்றை எடுத்துவிட்டுப் போட்டவை. சுழலும் மோட்டார்-ஜெனரேட்டர் வகையை எடுத்துவிட்டு மின்னணு வகையை வைத்தார்கள். கனமான ரோட்டாருக்கு ஒரு கண நேர வோல்டேஜ் எகிறல் உறைக்காது. மின்னணுவுக்கு உறைக்கும், அது மில்லி விநாடியில் முடிவெடுக்கும். நவீனம் என்று வாங்கும்போது பழையதிடம் இருந்த ஒரு பொறுமையை இழக்கிறோம். அந்தப் பொறுமை எந்த விவரக்குறிப்பிலும் எழுதியிருக்காது. அதே நாளில் இன்னொன்றும் வெளிப்பட்டது: 2005இல் மாற்றிய குறை அதிர்வெண் ரிலேக்களில் மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறியிருந்ததால் அவை வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யவில்லை. இரண்டுமே புதுப்பித்தல் வேலைகள்தான்.

பழைய_அலமாரி:

இதோடு நைன் மைல் பாயிண்ட் 2ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலம், 1991 ஆகஸ்ட் 13. முதன்மை டிரான்ஸ்பார்மரின் பி பேஸில் கோளாறு, ஒரு கணம் வோல்டேஜ் சரிவு. ஐந்து யூபிஎஸ் ஒரே நேரத்தில் நின்றன. கண்ட்ரோல் ரூமின் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அணைந்தன, கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே போய்விட்டனவா என்று காட்டும் கருவியும் இல்லை. அவசரநிலை அறிவித்தார்கள். பாதுகாப்பு அமைப்புகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஆபரேட்டருக்குப் பார்க்கக் கண் இல்லை.

காரணத்தைக் கேளுங்கள். யூபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு லாஜிக்குக்குத் தனியாக ஒரு சின்ன பவர் சப்ளை உண்டு. அது யூபிஎஸ்ஸின் சொந்த வெளியீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், பராமரிப்புக்கான வெளி இணைப்பின் பி பேஸிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குத் துணையாக உள்ளே சின்ன பேட்டரிகள் இருந்தன. அவை எப்போதோ செத்துப்போயிருந்தன, யாரும் மாற்றவில்லை.

பாலை_மின்:

சரி, ஃபோர்ஸ்மார்க்கை ஒப்புக்கொள்கிறேன். ஒரே வகைப் பெட்டியை நான்கு இடத்தில் வைத்தால் நான்குக்கும் ஒரே பலவீனம். அப்படியானால் அலமாரிக்குள் போகும் சின்ன 24 வோல்ட் சப்ளைக்கு எந்தெந்தக் குணங்களைப் பார்க்கிறீர்கள், நெய்தல்? திறன் 90 சதவீதம், ரிப்பிள் குறைவு, வெப்பம் குறைவு. காகிதத்தில் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் மேல்.

நெய்தல்:

காகிதத்தில் இல்லாததைத்தான் நாங்கள் தேடுகிறோம். எங்கள் பெஞ்சில் அதிக நேரம் எடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பியூஸ். அலமாரி பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பியூஸ் இருக்கும். ஒரு அட்டையில் ஷார்ட் ஆனால் அந்தப் பியூஸ் போய்விட வேண்டும், மற்ற அட்டைகளுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. பியூஸ் மில்லி விநாடிகளில் போக வேண்டுமானால் அதன் அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். பழைய லீனியரின் பெரிய கெப்பாசிட்டர் தொகுப்பு அந்த நொடியில் தன் சேமிப்பைக் கொட்டிப் பியூஸை ஊதிவிடும். 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று 22, 23 ஆம்பியரில் கையை இறுக்கிக்கொள்ளும். கிளைப் பியூஸ் 10 ஆம்பியர் என்றால் இரண்டு மடங்குதான் கிடைக்கிறது, அது போக விநாடிக்கணக்கில் ஆகலாம். அதுவரை பஸ் வோல்டேஜ் தரையில் கிடக்கும், எல்லா ரிலேயும் விழும். ஒரு கிளையில் நடந்த ஷார்ட் முழு அலமாரியையும் அணைத்துவிடும். பல்பு விழுந்த கதை திரும்பவும் நடப்பதற்கு இதுவே போதும்.

பாலை_மின்:

நியாயம். ஆனால் எல்லா லீனியரும் தங்கம் என்று சொல்லாதீர்கள். ஃபோல்ட்பேக் பாதுகாப்பு உள்ள பழைய லீனியர் ஷார்ட்டில் மின்னோட்டத்தை இன்னும் கீழே இறக்கிவிடும். அது எஸ்எம்பிஎஸ்ஸைவிட மோசம்.

நெய்தல்:

முழுக்கச் சரி. அதனால்தான் முதலில் பழைய பெட்டியையே ஷார்ட் செய்து அலைக்காட்டியில் (ஆசிலாஸ்கோப்) பதிவு செய்கிறோம். புதியது அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். பழையதின் குணத்தை அளக்காமல் புதியதை வாங்கக் கூடாது.

அடுத்தது டயோடு இணைப்பு. ஒரு சப்ளையின் ரெகுலேட்டர் கெட்டு வோல்டேஜ் மேலே போனால், டயோடு வழியாகப் பஸ்ஸை அதுதான் பிடித்துக்கொள்ளும். அதன் மிகைவோல்டேஜ் பாதுகாப்பு அதை மட்டும் நிறுத்த வேண்டும். ஆனால் நல்ல சப்ளையின் பாதுகாப்பும் டயோடுக்கு அப்பால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும். கெட்டது ஒன்று, போனது இரண்டு. காத்திருக்கும் சப்ளையின் டயோடு உள்ளே அறுந்துபோயிருந்தால் அதுவும் தெரியாது, மற்றது சாகும் நாளில்தான் தெரியும். ஆகவே டயோடுக்கு முன்னால் ஒவ்வொரு சப்ளைக்கும் தனி அலாரமும், சுமையை மாற்றிப் பார்க்கும் வசதியும் வேண்டும்.

மூன்றாவது, உள்ளே இழுக்கும் மின்னோட்டம். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வோல்டேஜ் குறைந்தால் அது மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டும். 125 வோல்ட் நிலைய பேட்டரி என்பது 60 செல், செல்லுக்கு 1.75 என்று இறங்கும்போது 105 வோல்ட். 125இல் 10 ஆம்பியர் எடுத்த சுமை 105இல் ஏறக்குறைய 12 எடுக்கும். பேட்டரி களைத்துப்போகும் நேரத்தில்தான் அதிகமாகப் பிடுங்குகிறது. பேட்டரி கணக்கை மறுபடி போடாமல் மாற்றினால் மின்வெட்டு நாளில் கணக்கு உதைக்கும். சுவிட்ச் போடும் நொடியில் பாயும் மின்னோட்டமும் இதோடு சேர்ந்தது. எல்லா அலமாரிக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் திரும்பும்போது மேலே உள்ள பிரேக்கர் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

மின்காந்த இரைச்சல், நிலநடுக்க மேசைச் சோதனை இரண்டும் வழக்கமானவை, தரநிலைகள் தெளிவாக இருக்கின்றன. இரைச்சலில் ஒன்று மட்டும்: உலை நின்றிருக்கும்போது நியூட்ரான்களை எண்ணும் சேனல்கள் மிகச் சின்னத் துடிப்புகளை எண்ணுபவை. பக்கத்து அலமாரியின் சுவிட்சிங் இரைச்சல் கேபிள் வழியே வந்தால் அதையும் நியூட்ரான் என்று எண்ணிவிடும்.

கருவிக்காரன்:

அக்கா, இப்போதைய சப்ளைகளில் மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறதே, அதற்கும் ஒப்புதல் வேண்டுமா?

நெய்தல்:

வேண்டும். ஆணையம் 2016இல் இதைப் பற்றியே ஒரு அறிவிப்பு தந்தது. வெளியே பார்க்க வெறும் பவர் சப்ளை, உள்ளே மென்பொருள். ஒரே மென்பொருள் நான்கு ரயிலிலும் இருந்தால் ஒரே பிழை நான்கையும் நிறுத்தலாம். தயாரிப்பாளர் மாடல் எண்ணை மாற்றாமலே உள்ளே சிப்பை மாற்றிவிடுவதும் நடக்கிறது. ஆகவே முடிந்தவரை மென்பொருளே இல்லாத வடிவமைப்பைக் கேட்டு வாங்கும் நிலையங்கள் உண்டு. என் விருப்பமும் அதுதான். 24 வோல்ட் தருவதற்கு ஒரு பெட்டி யோசிக்க வேண்டியதில்லை.

வடக்குவாசல்:

இந்தியாவில் கன நீர் உலைகளில் மின்சாரத்தை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள்: நான்காம் வகுப்பு கட்டமைப்பு மின்சாரம், மூன்றாம் வகுப்பு டீசல், இரண்டாம் வகுப்பு தடையில்லா ஏசி, முதல் வகுப்பு பேட்டரி டிசி. கல்பாக்கத்திலும் இதே முறைதான். உத்தரப் பிரதேசத்தில் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்து, கேபிள்கள் எரிந்து நான்கு வகுப்பும் போயின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. உலையை நின்ற நிலையிலேயே வைக்க ஆட்கள் மேலே ஏறிப்போய்க் கையால் வால்வு திறந்து, நியூட்ரான்களை உறிஞ்சும் போரான் கரைசலை விட்டார்கள். தனித்தனிப் பெட்டிகள் இருந்தும் கேபிள் போகும் பாதை ஒன்றாக இருந்தது.

சுனாமியில் மின்சாரம் போன ஃபுகுஷிமாவிலும் பாருங்கள். 2011 மார்ச் 11 இரவு, நீர்மட்டக் கருவியைப் படிக்கக் கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து இணைத்தார்கள். ஒரு நிவாரண வால்வைத் திறக்க 120 வோல்ட் வேண்டும், அதற்குப் பத்து பேட்டரிகளை வரிசையாகக் கோத்தார்கள்.

கருவிக்காரன்:

இவ்வளவு விரிவாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஆலையில் ஏற்கெனவே மாட்டிவிட்டோம். அம்மோனியா பிரிவின் ட்ரிப் லாஜிக்கும் (ஆபத்தில் பிரிவைத் தானாக நிறுத்தும் அமைப்பு) அதில்தான் ஓடுகிறது. அடுத்த ஷட்டவுனுக்குள் எதை முதலில் பார்ப்பது?

நெய்தல்:

பியூஸைப் பாருங்கள் தம்பி. உங்கள் சப்ளை, டயோடு மாட்யூல், கிளைப் பியூஸ் மூன்றிலும் ஒவ்வொரு ஜோடி ஸ்பேர் எடுத்து மேசையில் இணையுங்கள். பேனலில் எவ்வளவு சுமை இருக்கிறதோ அதே சுமையை வையுங்கள். ஒரு கிளையை ஷார்ட் செய்து, பஸ் வோல்டேஜ் எவ்வளவு நேரம் சரிகிறது என்று அலைக்காட்டியில் பதிவு செய்யுங்கள். உங்கள் ட்ரிப் ரிலேயும் பிஎல்சி (ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி) கார்டும் எத்தனை மில்லி விநாடி மின்சாரம் இல்லாமல் தாங்கும் என்பது அவற்றின் விவரத்தாளில் இருக்கும். சரிவு அதைவிடக் கூடுதல் என்றால் பியூஸை விரைவு வகைக்கு மாற்றலாம், அல்லது கிளைதோறும் மின்னணுப் பிரேக்கர் போடலாம். ஓடும் பேனலில் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். மேசையில் குட்டி வயர் வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பேனலில் கடைசி அட்டை வரை வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியூஸுக்குக் கடைசியில் எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும் என்பதைப் பல நேரம் அந்த வயரின் மின்தடைதான் தீர்மானிக்கிறது.